விமானச் சக்கரத்துக்கு எஃப்.சி. வேலை

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், கோழித்தீவனக் கிடங்குக்கும் லாரி பாடி கட்டும் பட்டறைக்கும் நடுவில் இருக்கிறது என் கம்பெனி. சிறிய பயிற்சி விமானங்களின் சக்கரமும் பிரேக்கும் எங்களிடம் வரும். பிரித்துக் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, பழுது நீக்கி அனுப்புவோம். கல்யாண வீடுகளில் யாராவது, "ஏனுங்க, ஏரோப்ளேனுக்குப் பஞ்சர் ஒட்டறீங்களாமா?" என்று கேட்பார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது, "ஆமாங்க, காத்தும் அடிச்சு உடறோம்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறேன்.

அப்பாவுக்கு லாரி பாடி பட்டறை. நிர்வாக இயக்குநர் என்று நான் அட்டை அடித்துக்கொண்டாலும் உள்ளே இருப்பது லாரிக்காரன் புத்திதான். உலோகத்தைத் தூக்கி எறியாதே, என்றைக்காவது ஆகும் என்று அது சொல்லும். அதிகாரி வருகிறார் என்றால் பெயிண்ட் அடி என்றும் சொல்லும். வருடாந்திர எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, லாரியைக் கொண்டுபோகும் முன் பம்பரிலிருந்து டயர் வரை பூசி, புதுமாப்பிள்ளை போல நிறுத்துவார்கள். பெயிண்ட் காய்ந்துவிட்டால் பாதி எஃப்.சி. முடிந்தது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

கம்பெனியின் உரிமத்தைப் புதுப்பிக்க விமானத் துறை ஆய்வாளர் வரவிருந்தார். தரக்கட்டுப்பாட்டைக் கவனிக்கும் பெண், ஆத்தூர்ப் பக்கத்தவர், தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். அவர் கையெழுத்துப் போடாமல் எந்தச் சக்கரமும் வெளியே போகாது. முதலாளி நான்தான், ஆனால் என் கையெழுத்துக்கு அங்கே ஒரு போல்ட்கூட நகராது. "எல்லாம் ரெடியா இருக்கு சார். நீங்க எதையும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பஸ் ஏறினார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்.

பக்கத்துப் பட்டறைப் பெயிண்டரைக் கூப்பிட்டேன். மனிதர் சுறுசுறுப்பானவர். சுவர், மேசை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பிரஷர் மீட்டர்களில் ஒட்டியிருந்த சீட்டுகளின் மேலும் பூசிவிட்டார். எந்த மீட்டரை எப்போது சரிபார்த்தோம் என்று காட்டுகிற சீட்டுகள் அவை. பிறகு மூலையில் பூட்டியிருந்த கம்பிவலைக் கூண்டைக் காட்டினார். உள்ளே, விரிசல் விட்டதால் கழித்துப்போட்ட சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு அடையாளம்.

"ஏனுங்கண்ணா, இதுக மட்டும் அசிங்கமாக் கெடக்குதுங்க. வெள்ளி அடிச்சு உட்டர்லாங்களா?"

"அடிச்சு உடுங்க" என்றேன். சாவியையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

அந்தச் சக்கரங்களை அறுத்துப் போடச் சொல்லி அந்தப் பெண் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அறுத்துவிட்டால் தவறிப்போய்க்கூட யாரும் மறுபடி மாட்ட முடியாது. விதியும் அதுதான். எனக்குத்தான் மனசு வரவில்லை. நல்ல அலுமினியம்.

ஆய்வுக்கு முந்தின நாள் காலை, கையில் மருதாணி அழியாமல் அவர் வந்தார். வாசல் வெயிலில் காயவைத்த சக்கரங்கள் வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்தன. நான் பாராட்டை எதிர்பார்த்துப் பல்லிளித்தபடி நின்றேன். அவர் ஒரு சக்கரத்தைத் திருப்பி, அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சார், இது கழிச்ச சக்கரம். இதைப் போய் புதுசாக்கி வெச்சிருக்கீங்களே."

"பெயிண்டுதானுங்க அம்மணி. இப்பவே தூக்கித் தோட்டத்து ஊட்டுல போட்டர்றேன். வர்ற ஆபீசருக்குத் தெரியவா போகுது?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி நிம்மதி அடைந்திருப்பேன்.

"இதுல பறக்கறதெல்லாம் பத்தொம்பது, இருபது வயசுப் பசங்க சார். நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. என் கையெழுத்தை நம்பித்தான் தரையிறங்குறாங்க. நாளைக்கு ஆய்வாளர்கிட்ட நீங்களே சொல்லுங்க. மறைச்சீங்கன்னா நான் வேலையை விட்டுப் போயிடுறேன்."

பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். உரிமம் போனால் அலைந்து திரிந்து மறுபடி வாங்கலாம். இவர் போய்விட்டால், என்னிடமிருந்து என் கம்பெனியைக் காப்பாற்ற ஆள் கிடையாது.

மறுநாள் ஆய்வாளர் வந்து உட்கார்ந்ததும், கொடுத்த இளநீரை அவர் குடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெயிண்டர் மேல் பழியைப் போட நாக்கு ஒருமுறை துடித்தது, அடக்கிக்கொண்டேன். ஆய்வாளர் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டார்.

"இந்தம்மா ஒரு சக்கரத்தை நிறுத்தி வெச்சா, அதை அனுப்புன்னு நீங்க சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க."

"சொல்லிப் பாத்திருக்கீங்களா?"

"தெனமுமுங்க."

அவர் சிரிக்கவில்லை. கழித்த சக்கரங்கள் அத்தனையையும் அறுக்க வேண்டும், மீட்டர்கள் அத்தனையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், அதுவரை ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பூட்டுப் போடாத குறைதான்.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறைக்காமல் சொல்லியாகிவிட்டது, சரி. ஆனால் வேலையே நின்றுபோன இடத்தில் அவர் எதற்கு இருக்க வேண்டும்? நேராக உள்ளே போனார். பையை எடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அறுக்கும் மெஷினுக்குப் போனேன்.

பின்னாலேயே அவர் வந்தார். கையில் பை இல்லை. கறுப்புப் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது.

"இதைப் போடுங்க சார். போடாம மெஷின்கிட்டப் போனா அதையும் நான் எழுதி வெப்பேன்."

வாங்கி மாட்டிக்கொண்டேன். நல்லவேளை, அந்தக் கண்ணாடிக்குள் என் கண் என்ன செய்தது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.