நான் வரைந்த நாக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் சுக்கு, மிளகு வியாபாரிகளின் கடைப் பலகைகளில் பாதி என் கைவேலைதான். ஒரு நாள் ஒரு டாக்டரம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மலையாளி, நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்ச் சீன வைத்தியம் படித்து வந்தவர். ஊசி குத்தி வலியைப் போக்குகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஒரு பெரிய நாக்கு வரையணும், சேட்டா," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். நுனி நாக்கு இதயத்துக்கு, நடுநாக்கு வயிற்றுக்கு, ஓரங்கள் ஈரலுக்கு, அடிநாக்கு சிறுநீரகத்துக்கு என்று சீனர்கள் பிரித்து வைத்திருக்கிறார்களாம். நிறம், மேலே படியும் மாவு, ஈரம், வெடிப்பு எல்லாமே எதையாவது சொல்லுமாம். புத்தகத்தில் படங்கள் கறுப்பு வெள்ளையில் இருந்தன. அவருக்கு வண்ணத்தில் வேண்டும்: நடுவில் ஆரோக்கியமான நாக்கு ஒன்று பெரிதாக, சுற்றிலும் நோயாளி நாக்குகள் ஆறு சிறிதாக. சுமை தூக்கும் தமிழர்கள் நிறையப் பேர் வருவதால் விளக்கம் மலையாளத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும்.

நிறம் பிடிபடுவதற்காக மூன்று காலைகள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களை ஜன்னலோரம் நிற்க வைத்துப் பகல் வெளிச்சத்தில்தான் பார்த்தார். ட்யூப் லைட்டில் நிறம் பொய் சொல்லும் என்பது பெயிண்டர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஒரு டாக்டரும் அதையே சொன்னபோது அவர்மேல் மரியாதை வந்தது. வெற்றிலை மென்றுகொண்டே வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினார். "இப்போ நீட்டினா வெற்றிலையோட நாக்கைத்தான் பார்க்கலாம். நாளைக்கு வாங்க."

நோயாளி நாக்குகளுக்குக் குறைவில்லை. நல்ல நாக்குதான் அகப்படவில்லை. என்னுடையது பீடியில் பழுத்துப்போனது. பலகையைப் பள்ளுருத்தியில் இருந்த என் வீட்டுக்குத் தூக்கிப் போனேன். எப்படியும் தமிழ் வரிகளுக்கு என் மனைவி வேண்டும். நான் கொச்சியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவள் தென்காசிப் பக்கம், எட்டாவது வரை தமிழ் படித்தவள். அவள் சாக்பீஸால் எழுதித் தந்தால் நான் அதன்மேல் பெயிண்ட் ஓட்டுவேன்.

எழுதி முடித்ததும், "வாசலுக்கு வந்து நாக்கை நீட்டு," என்றேன்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள். ஆனாலும் நீட்டினாள்.

தேங்காய்ச் சிரட்டையில் சிவப்பைக் குழைத்து வெள்ளை சேர்த்தேன். போதவில்லை. இன்னும் சேர்த்தேன். அப்புறமும் சேர்த்தேன். ஓரம் முழுக்கப் பல் பதிந்த தடம் அலை அலையாக இருந்தது. அதையும் விடாமல் வரைந்தேன். எனக்கு அது அழகாகத்தான் பட்டது.

குழந்தை பிறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அதிலிருந்தே தெருக் குழாயில் பிடித்த குடத்தை வழியில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். மத்தியானமானால் படுத்துக்கொள்வாள். "இருபத்தஞ்சு வயசுல என்ன களைப்பு?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

டாக்டர் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார்.

"நடுவில இருக்கிறது யாரோட நாக்கு?"

"என் வீட்டுக்காரியோடது."

"நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா இது நல்ல நாக்கில்ல, சேட்டா. இவ்வளவு வெளுப்பு ஆகாது. நாளைக்குக் காலையில சாயா குடிக்காம அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

நான் நிறம் தப்பாகக் கலந்திருக்கக் கூடாதா என்று அன்று முழுக்க வேண்டிக்கொண்டேன். தப்பில்லை. மறுநாள் ஜன்னலோரம் அவள் நாக்கைப் பார்த்தார், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், மூச்சு வாங்குமா, வெறுங்காலில் நடப்பாயா என்று கேட்டார். பிறகு சொன்னார்: "நாக்கு வழி காட்டும், அவ்வளவுதான். ரத்தத்தைச் சோதிச்சாத்தான் உறுதி." பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கே சோதித்தார்கள். உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருந்தது. குடலில் கொக்கிப்புழு, வெறுங்கால் வழியாக ஏறியது. புழுவுக்கு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து, செருப்பில்லாமல் வெளியே போகாதே என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு வருஷமா முடியல முடியலன்னு நான் வாயால சொன்னேன். நீங்க கேக்கல. பெயிண்ட்ல வந்தப்புறம்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது."

மடியில் தூங்கிய குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். மறுநாள் முதல் குடங்களை நான் தூக்கினேன். குழாயடியில் பெண்கள் சிரித்தார்கள். நாலைந்து நாளில் அவர்களுக்கும் பழகிவிட்டது.

பலகையின் நடுவை டர்பன்டைன் போட்டுத் துடைத்து, டாக்டர் வீட்டுக்கு மீன் கொண்டு வரும் அம்மாவின் நாக்கைப் பார்த்து வரைந்தேன். அப்படியொரு இளஞ்சிவப்பு! என் மனைவியுடையது சிறியதாகி ஓரத்துக்குப் போனது. அதன் கீழே 'ரத்தக் குறைவு' என்று அவளே எழுதினாள். எழுதும்போது சிரித்தாள்.

டாக்டர் வாரம் ஒரு முறை ஊசியும் வைத்தார். மாத்திரையா, ஊசியா, எது எவ்வளவு வேலை செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு மாதத்தில் மத்தியானப் படுக்கை நின்றது. மூன்றாம் மாதம் நான் தூக்கிய குடத்தைப் பாதி வழியில் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த ஓணத்துக்குத் துணி வாங்கப் படகேறி எர்ணாகுளம் போனோம். அதற்கு முன் இரண்டு வருடமாக அவள் பஸ் ஸ்டாப்பைத் தாண்டியது ஆஸ்பத்திரிக்கும் டாக்டரிடமும்தான். பிராட்வே கடைத்தெருவில் கூட்டம் நெரிந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். நான் ஒரு கடைப் போர்டின் எழுத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். திரும்பினால் ஆளைக் காணோம். பதறிக்கொண்டு தேடினேன். நாலு கடை தள்ளி, புடவைக்காரரிடம் உரக்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க போனீங்க?" என்றாள். "சீக்கிரம் நடங்க. இன்னும் எவ்வளவோ கடை இருக்கு."