கரடி இருந்த பதிப்பு

கோம்பை நாய்களைப் பற்றி நான் எழுதிய சிறு நூல் அச்சாகி வந்த இரண்டாவது வாரம், கோம்பையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அப்பா காலத்திலிருந்து அந்த நாய்களை வளர்ப்பவர். நூலுக்குப் படங்கள் கொடுத்தவரும் அவரே.

“என்ன சார் இப்படிப் பண்ணிட்டீக? நீங்க போட்ட லிங்க்க போன்ல அடிச்சுப் பாத்தா அங்கன கரடியே இல்லையே! டீக்கடையில எல்லாரும் சிரிக்கிறாக.”

நூலில் அந்தக் கரடிப் பத்திதான் அவருக்கு உயிர். மேகமலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்த ஒரு பெண், தன் சிறுவயதில் வீட்டிலிருந்த கோம்பை நாய் கரடியை விரட்டியடித்ததை எழுதியிருந்தார். எழுதிய இடம், யாரும் திருத்தக்கூடிய ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தின் உரையாடல் பக்கம். கட்டுரையில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று எழுதுபவர்கள் வாதாடிக்கொள்ளும் பக்கம் அது. நான் அதை மேற்கோள் காட்டி, அடிக்குறிப்பில் முகவரியும் கொடுத்திருந்தேன்.

திறந்து பார்த்தேன். பக்கம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஒழுங்குபடுத்துவதாக நினைத்து எவரோ ஒரு புண்ணியவான் பழைய பேச்சையெல்லாம் நீக்கியிருந்தார்.

அவரைத் திட்டி என்ன பயன்? அந்தப் பக்கத்தில் யார் எதை மாற்றிச் சேமித்தாலும், முந்தைய பதிப்பு தனி எண்ணோடு உள்ளே தங்கிவிடும். அந்த எண்ணுள்ள முகவரியைக் கொடுத்திருந்தால் என் மேற்கோள் அசைந்திருக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சோம்பல்பட்டேன்.

அந்தப் பக்கத்தின் மாற்ற வரலாற்றுப் பட்டியலைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான பதிப்புகள். முக்கால்வாசிக்கு எதிரில் “சிறு திருத்தம்” என்ற ஒரே குறிப்பு. ஒருவர் காற்புள்ளி வைக்க, இன்னொருவர் அதை எடுக்க, மறுபடி முதலாமவர் வைத்திருந்தார். இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சலாக வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கரடி கிடைத்தது. எண்ணைக் குறித்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்காமல் அடுத்த பதிப்பையும் தட்டியது.

அதே பெண் மறுநாள் தன் வாக்கியத்தை அடித்து, கீழே எழுதியிருந்தார்: “அம்மாவிடம் கேட்டேன். கரடி இல்லையாம், காட்டுப்பன்றியாம்.”

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவர் கரடி என்று எழுதிய அன்றே நகலெடுத்துவிட்டு, பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கோம்பைக்காரருக்குச் சொன்னேன்.

“பன்னிய எந்த நாயும் வெரட்டும் சார். கரடி இருக்குற நம்பர மட்டும் குடுங்க.”

“எழுதுனவுகளே மாத்திட்டாகய்யா.”

“மாத்துறதுக்கு முந்திச் சொன்னதும் அங்கன பத்திரமா இருக்குன்னு நீங்கதான சொல்றீக? அப்ப அதைக் காட்டுனா என்ன தப்பு?”

எனக்குக் கோபம்தான் வந்தது. 

கடைசியில் ஒரு பிழைதிருத்தச் சீட்டு அச்சடித்தேன். மேல்வரியில் கரடிப் பதிப்பின் முகவரி, கீழ்வரியில் பன்றிப் பதிப்பின் முகவரி. மீதமிருந்த பிரதிகளில் நானே ஒட்டினேன். படம் கொடுத்ததற்காக அவருக்குக் கொடுத்திருந்த பிரதிகளில் ஒட்ட ஒரு கட்டுச் சீட்டு அனுப்பிவைத்தேன்.

அடுத்த மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது வரவேற்பறையில் நூல்கள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்தேன். சீட்டு ஒழுங்காக ஒட்டியிருந்தது. கீழ்வரியை மட்டும் கத்தரியால் நறுக்கி எடுத்திருந்தார்.