ஒபியின் வலது கை

கொப்பன்ஹேகனில் ஒரு நூதனசாலைக்குப் போன மகள் படம் ஒன்று அனுப்பியிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரச்சிலை. தலையில் இரண்டு கொம்பு, வலது கையில் கத்தி. 'அப்பா, இது ஒபி அங்கிளின்டையோ?' என்று கேட்டிருந்தாள். டெனிஷில்தான் கேட்டாள். தமிழில் எழுதச் சொன்னால் ஒரு கிழமை எடுப்பாள்.

ஒபி நைஜீரியாவின் இக்போ இனத்தவன். டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில், துணி பின்னும் ஃபெக்டரியில் எனக்குப் பக்கத்து மெஷின். அந்த எண்ணெயும் நூலும் கலந்த வாசம் இன்றும் என் பழைய ஜக்கெட்டில் இருக்கிறது. அப்படி ஒரு வாசமும் இல்லை என்பாள் மனைவி. ஒபியின் வீட்டு அலுமாரியில்தான் முதலில் இப்படியொரு சிலையைக் கண்டேன். இக்கெங்கா என்று பெயர். கலியாணம் முடித்த கையோடு ஊரில் செதுக்குவித்தானாம். சனிக்கிழமைகளில் போனால் முதல் இரண்டு சொட்டு ஸ்னாப்ஸ் சாராயம் அதற்கு, மிச்சம் எங்களுக்கு.

ஒருமுறை எங்கள் ஷிப்டுக்குப் புது போர்மன் தேவைப்பட்டது. அதுவரை வெளிநாட்டுக்காரன் ஒருவனும் அந்தக் கதிரையில் இருந்ததில்லை. ஒபி கேட்டுப் பார்க்கத் துணிந்தான். எனக்கு அவனைவிடப் பதற்றம். நேர்முகத்துக்கு முதல் நாள் கற்பூரம், சந்தனம், தேங்காய் எல்லாம் கொண்டுபோய், இக்கெங்காவுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டேன். பிள்ளையாருக்குச் செய்வதை இதற்கும் செய்தால் குறைந்தா போய்விடும்?

ஒபி சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. எங்கள் அரைகுறை டெனிஷைத் தமிழிலேயே தருகிறேன்.

"என்ன மச்சான், என்னையே கும்பிடுறாய்? இது என்ர வலது கை. நான் உழைச்சால் இதுவும் உழைக்கும். சும்மா நிண்டால் கொத்தி அடுப்புக்குள்ள போட்டிடுவன்."

சாமியை வெருட்டுகிற மனிதனை அன்றுதான் கண்டேன்.

வேலை கிடைத்தது. போர்மனின் வெள்ளைக் கோட்டோடு அவன் மெஷின்களுக்கு நடுவே நடந்து வந்தபோது நாங்கள் தமிழ் ஆட்கள் எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினோம். எனக்கே கிடைத்தது மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. பிள்ளைகள் பட்டம் வாங்கிய நாளில்கூட நான் அப்படி நடந்து திரியவில்லை.

"தேங்காயோ, கையோ?" என்று கேட்டேன்.

"கைதான். ஆனா தேங்காயும் நல்ல ருசி."

போன மாரியில் ஒபி இறந்துபோனான். சிலையை நூதனசாலைக்குக் கொடுக்கலாமா என்று அவன் மகன் என்னிடம் கேட்டான். "வேண்டாம் தம்பி, அப்பா சொன்னதைச் செய்வம்" என்றேன். ஆள் போனால் இக்கெங்காவைப் பிளந்துவிட வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம்; ஒபியும் அதைத்தான் சொல்லி வைத்திருந்தான். ஒருவன் உழைத்து எடுத்த பெயரை இன்னொருவன் எடுத்துவைத்துக் கொண்டாட முடியாது. மகன் கோடாலியைப் பிடித்தான், நான் சிலையைப் பிடித்தேன். ஒரு பாதி ஒபியோடு குழிக்குள் போனது. மற்றதைக் காட்டுக்குள் போட்டோம்.

ஃபெக்டரியும் இப்போது இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் ஆட்கள் காசு கொடுத்து மெஷினில் ஓடுகிறார்கள்.

மகளுக்குப் பதில் எழுதினேன்: 'இல்லையம்மா. ஒபியின்ரை ஒரு பெட்டிக்குள்ளும் இல்லை. அவன் அதை முழுக்கப் பாவிச்சு முடிச்சிட்டான்.'