வலது கன்னத்துக்கு மட்டும்

காலைக் காட்டத்தான் போனேன். டாக்டரம்மா முகத்தைப் பார்த்தார்.

உப்பளத்தில் நிற்கிறவனுக்குக் கால் வெடிக்கும். சுனாமிக்கு அடுத்த வருஷம் வெடிப்பு அதிகமாகி, பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோல் டாக்டர் சின்ன வயசு அம்மா. காலுக்குக் களிம்பு எழுதிவிட்டு, "மூஞ்சில இருக்கறது பரு வந்த தழும்புதானே?" என்றார்.

"ஆமாம்மா. பரு போயிடுச்சு. பள்ளம் போகல."

"பள்ளத்துக்கு ஒரு மருந்து வச்சுப் பாக்குறோம். ஆராய்ச்சி. ஒரு கன்னத்துல வைப்போம், இன்னொண்ணைச் சும்மா விட்டுடுவோம். கடைசியில ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்போம். அப்புறம் விட்ட பக்கத்துக்கும் வச்சுடுவோம். இஷ்டம் இருந்தா சேருங்க. நடுவுல வேணாம்னா நின்னுடலாம்."

எனக்கு அழகைப் பற்றிக் கவலை இல்லை. சவரம்தான் தொல்லை. மேடும் பள்ளமுமான கன்னத்தில் பிளேடு நாலு இடத்தில் கீறும். அதில் உப்புத் தண்ணீர் தெறித்தால் உயிர் போகும். தாடி விட்டால் உள்ளே உப்பு காய்ந்து அரிக்கும். சேர்கிறேன் என்றேன். எந்தக் கன்னம் என்று ஒரு கவரைப் பிரித்துப் பார்த்தார்கள். வலது.

வீட்டில் சொன்னேன்.

"பாதிச் சுவருக்கு மட்டும் வெள்ளையடிச்சு அனுப்புவாங்களா?" என்றாள் மனைவி.

"மீதி அப்புறம்."

"அப்புறம்னு சொன்னவங்க வராமப் போனா?"

"வருவாங்க."

"போனாலும் பரவால்ல. நான் உங்களுக்கு வலது பக்கமாவே உக்காந்துக்கறேன்."

அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். எனக்கு அது மனசில் நின்றுவிட்டது. இடது கன்னம் கிடைக்காமல் போனால் பாதிச் சவரம்தான் சுகம். கடைசி வரைக்கும் ஒழுங்காக இருந்து அதை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கூரான குச்சியில் மருந்தைத் தொட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பொட்டு வைத்தார்கள். சுரீர் என்றது. வைத்த இடம் வெள்ளையாகப் பூத்தது. மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்கள். டாக்டரம்மா வலது கன்னத்தைப் பார்த்துக்கொண்டே, "வெயில் படக் கூடாது. பட்டா கருத்துடும். இந்த க்ரீமைப் போட்டுக்கங்க. துணி கட்டிக்கங்க" என்றார்.

சரி என்றேன். மருந்து வலதில். வெயில் படக் கூடாததும் வலதுதான். இடது கன்னத்துக்கு க்ரீம் எதற்கு, வீண். துண்டையும் வலது பக்கம் மட்டும் தொங்கும்படி கட்டினேன்.

துண்டு நிற்கவில்லை. கடல் காத்து தூக்கித் தூக்கி அடித்தது. அதனால் ஆளே திரும்பி நின்றேன். காலையில் வெயில் கடல் பக்கமிருந்து வரும். தெற்கு பார்த்து நின்றால் வலது கன்னம் நிழல். சாயந்தரம் வெயில் மேற்கே போய்விடும். வடக்கு பார்த்து நின்றேன். அப்போதும் வலது நிழல்.

என்னோடு ஜோடியாக உப்பு வாருகிறவன் என் மச்சான், மனைவியின் அண்ணன். நான் திரும்பினால் அவனும் இடம் மாற வேண்டும்.

"இன்னா மாப்ள, காலையில தெக்க, சாயங்காலம் வடக்க. நீ இன்னா கோயில் தேரா?"

"வலது பக்கம் வெயில் படக் கூடாது மச்சான்."

"இடது பக்கம்?"

"அது இன்னும் நம்ம கன்னம் இல்ல. ஆஸ்பத்திரி முடிச்சாத்தான்."

"அப்ப அந்தப் பக்கம் ரெண்டு அறை விட்டா உனக்கு வலிக்காது."

ஆனாலும் இடம் மாறிக் கொடுத்தான். நாள் பூராவும் முனகிக்கொண்டே கொடுத்தான்.

கடைசித் தடவை போனபோது கோடை முற்றியிருந்தது. தாடையை ஒரு கட்டையில் வைத்து, நேராகவும் பக்கத்துக்கு ஒன்றாகவும் படம் எடுத்தார்கள். வலதில் பள்ளம் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. நானே தடவிப் பார்த்துச் சொல்வேன். டாக்டரம்மா சந்தோஷப்படாமல் படத்தையே பார்த்தார். பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அவர் என்னை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"என்னங்க, வலது வெளுத்து இடது கருத்து, ரெண்டு ஆளு மூஞ்சிய ஒட்டவச்ச மாதிரி இருக்கு?"

நின்ற விதத்தைச் சொன்னேன். தெற்கு, வடக்கு, க்ரீம், எல்லாம். பெரிய டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். தோள் குலுங்கியது.

டாக்டரம்மாதான் சொன்னார். "படத்தைப் பாத்து மார்க் போடறவங்களுக்கு எந்தப் பக்கம் மருந்து வச்சதுன்னு தெரியக் கூடாதுங்க. உங்க படத்தைக் குழந்தை பாத்தாலும் சொல்லிடும். வெயில் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்திருக்கணும். நான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும். இதைக் கணக்குல சேக்க முடியாது."



"அப்ப இடது பக்கம்?"

டாக்டரம்மா பெரிய டாக்டரைப் பார்த்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது முதல்லயே சொன்னதுதானே. வைப்போம். ஆனா இப்ப வேணாம். இவ்வளவு வெயில்ல காய்ஞ்ச தோல்ல வச்சா இன்னும் கருத்துப் போயிடும். வெயில்ல போகாம இருக்க முடியுமா?" என்றார்.

"மழைக்கு அளத்துல வேலை இல்லீங்க. அப்ப வர்றேன்."

"இந்தத் தடவை ரெண்டு பக்கமும் துணி கட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

அந்த வருஷ மழை சும்மா இல்லை. உப்புப் பாத்தியெல்லாம் ஏரியானது. ரெண்டு கன்னத்து நிறமும் மெல்ல ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கீழ்புத்துப்பட்டில் ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் வெகுநேரம் நின்றது. அங்கே ஆராய்ச்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நர்ஸம்மா சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் தன் இரண்டு கன்னங்களையும் தட்டித் தட்டிச் சொன்னார்.

"ரெண்டுக்கும் க்ரீம். ரெண்டுக்கும் துணி. ஒரு கன்னத்துக்கு மட்டும் போட்டுட்டு வந்து நின்ன ஆளும் இருக்காரு."

கோட்டக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், "அப்படிக்கூட யாராவது செய்வாங்களா அக்கா?" என்றது.

 நர்ஸம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தது.

"செய்வாங்க" என்றேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். போய்ப் படுத்து, இடது கன்னத்தைக் காட்டினேன்.