இன்னும் ரெண்டு உயிர்

சூறைக்காற்றில் மீன்சந்தைக் கூரை பறந்த வருஷம் அது. அதில் ஒரு தகடு என் கோழிக்கூட்டுக்கு ஆனது, அது கிடக்கட்டும். நான் கடலுக்கடியில் சங்கு குளிக்கையில், எனக்குக் காற்று வரும் மூச்சுக்குழாயைப் படகிலிருந்து பிடிப்பவன் என் மைத்துனன் ராயப்பன். என் உயிர் அவன் கையில். துபாயிலிருந்து அவன் கொண்டுவந்த கம்ப்யூட்டர், ஒருநாள் அவன் உள்ளே தாழிட்ட அறையில் கீச்சிட்டது. யாருக்கோ வயர்லெஸ்ஸில் உளவு சொல்கிறான் என்று சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டினேன், திறந்தான்.

கம்ப்யூட்டரோடு இணைத்த டிவியில் விண்கலங்கள் வரிசையாகச் சுட்டுக்கொண்டே இறங்கின.

"என்னலே இது?"

"வெளையாட்டு அத்தான். கேசட்டுலேருந்து ஏத்தும்போது இப்படித்தான் கத்தும். கீழ நிக்க கப்பல் நாமதான்."

சொல்லும்போதே அது வெடித்தது. பதறினேன்.

"பயப்படாதீய, இன்னும் ரெண்டு உயிரு இருக்கு!" என்று சிரித்தான்.

உளவுச் சந்தேகம் போய், வேறு சந்தேகம் வந்தது. மறுநாள் கடலில் இறங்குமுன் சொன்னேன்:

"எனக்கு ஒண்ணுதாம்லே."

சிரிக்காமல் குழாயை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான்.

படகில் குழாய் பிடிப்பவர்களைக் கண்டால் இதைச் சொல்லிவையுங்கள்.