குதிகால் படாத தரை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினோரு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவள் அவள். மற்றவர் கண்ணுக்குத் தப்புகிற மயிரிழைக் கீறல்கூட அவளிடம் தப்பாது. அப்படிப்பட்டவளுக்குத் தன் ஐந்து வயது மகள் நுனிக்காலில் நடப்பது இரண்டு வருஷமாகத் தெரியவில்லையாம். தெரியவில்லை என்பதும் பொய். தெரிந்தது, வசதியாக இருந்ததால் விட்டுவிட்டாள். இப்போது அதுதான் அவளை அறுக்கிறது.

வசதி என்றால், அவர்களுக்கு நேர் கீழே குடியிருந்தவர் பஸ் டிரைவர். விடியுமுன் வண்டி எடுத்துவிட்டு மத்தியானம் வந்து படுக்கிற மனுஷன். அவள் கடையிலிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வீடு திரும்புவதும் அதே நேரம். மேலே பிள்ளை ஓடினால் கீழே துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். ஒருநாள் மேலேறி வந்து, "ஐம்பது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டுறேன்மா. இன்னிக்கு சிக்னல்ல ஒரு நொடி கண்ணு சொருகிடுச்சு" என்றார். நியாயம் முழுக்க அவர் பக்கம் இருக்கும்போது யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? பிள்ளையைத்தான் அதட்டினாள். அதட்டி அதட்டி வீடு அடங்கிப்போயிற்று. கப்பலில் சமையல் வேலை பார்க்கும் புருஷன் லீவில் வந்து, "நம்ம வீட்டுல பூனை வளருதா, புள்ள வளருதா?" என்று சிரித்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், மகராசி.

டாக்டர் சிரிக்கவில்லை. பிள்ளையின் பாதத்தை மேலே மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை.

"குதிகால் தசைநார் இறுகிட்டு வருது. பாதத்தை முழுசா ஊன்றி நடக்கணும், ஓடணும், குதிக்கணும். ஆறு மாசம் பாப்போம். சரியாகலேன்னா மாவுக்கட்டு, அதுக்கும் மசியலேன்னா ஆபரேஷன்."

பிள்ளை ஓடினாலும் கீழே சத்தம் இறங்காத தரை வேண்டும் அவளுக்கு. மறுநாளே தரை போடுகிறவரை வரவழைத்தாள். அவர் தரையில் பதிக்கும் மரப்பலகைக்கு அடியில் சத்தத்தை அடக்க விரிக்கிற ஷீட்டில் மூன்று துண்டு கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். வெள்ளை ஸ்பாஞ்ச், பழுப்பு கார்க், பழைய டயரை அரைத்துச் செய்த கறுப்பு ரப்பர்.

"ஸ்பாஞ்சையே ரெண்டு அடுக்காப் போட்டா?" என்றாள்.

"எல்லாரும் கேக்குற கேள்விதான். மெத்துன்னு இருந்தா சத்தம் அடங்கும்னு நெனைப்பு. பலகை ஆடும்மா. அப்புறம் இணைப்பெல்லாம் வாயைப் பொளக்கும். ஸ்பாஞ்சும் மிதிபட்டு அப்பளமாயிடும்."

அவர் வார்த்தையை மட்டும் நம்பி இறங்க அவள் தயாராக இல்லை. டிரைவரை அவர் வீட்டிலேயே நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, போனைக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒவ்வொரு துண்டின் மேலும் தண்ணீர் நிரம்பிய பாட்டிலைப் போட்டாள். ஸ்பாஞ்சுக்கு, "யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கு" என்றார். கார்க்குக்கு, "கேக்குது, ஆனா கோபம் வரல." ரப்பருக்கு வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "லைன் கட்டாயிடுச்சாம்மா?" என்றார். அந்த மாதத்தில் அவள் முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

ரப்பர்தான் என்று முடிவாயிற்று. வேலை மூன்று நாள் நடந்தது. சுவரோரம் சுற்றிலும் இடைவெளி விட்டு ரப்பர் பட்டை செருகினார் தரைக்காரர். ஒரு பலகை சுவரைத் தொட்டாலும் சத்தம் சுவர் வழியே கீழே இறங்கிவிடுமாம். அவள் கடைக்கு லீவு போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு பலகை சுவரில் முட்டிக்கொண்டிருப்பதையும் கண்டுபிடித்து, பிரித்துப் போட வைத்தாள். "உங்களை வச்சுக்கிட்டு மனுஷன் தொழில் பண்ண முடியாது" என்று சலித்துக்கொண்டே அவர் இழைத்துக் கொடுத்தார்.

நாலாம் நாள் மத்தியானம் டிரைவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"ஓடு கண்ணு. குதி. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பிள்ளை தரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு நுனிக்காலிலேயே அறையைக் கடந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

"அப்படி இல்லடா. அம்மாவைப் பாரு." அவள் குதிகால் அதிரக் குதித்தாள். ஒருமுறை, இருமுறை. "பாத்தியா, கீழ கேக்கவே கேக்காது." மூன்றாம் முறை அவள் கால் தரையில் இறங்குவதற்குள் பிள்ளை பாய்ந்து வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"வேணாம்மா. உன்னைத்தான் திட்டுவாங்க. நீ குதிக்காத."

"யாருடி என்னைத் திட்டப் போறா?"

"அந்த மாமா வந்து திட்டுனாங்கல்ல. நீ உள்ள போய் அழுதியே."

சொல்லிவிட்டுப் பிள்ளை தேம்பத் தொடங்கினாள். தேம்பல் முற்றி, இரண்டு வருஷமாக அந்த வீட்டில் கேட்டிராத உரத்த அழுகையானது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து மகளை மடியில் வாரிப் போட்டுக்கொண்டாள். வாயைப் பொத்தக் கை தானாக எழுந்தது. அந்தக் கையை இழுத்துக்கொண்டாள்.

போனில் டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, இருக்கீங்களா? நீங்க குதிச்சது கூரையில ஒண்ணும் கேக்கல. பாப்பா அழுவுறது மட்டும்தான் கேக்குது."