படகில் நான் தூங்கிய நேரம்

நான் எருமப்பட்டியிலிருந்து முட்டை லோடு ஏற்றிப்போகும் லாரி டிரைவர். ஓர்கா என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளையாக, முதுகில் ஆளுயரத் துடுப்போடு, திமிங்கிலத்தையே வேட்டையாடும் அந்தக் கடல் பிராணியை என் மகள்தான் வரைந்து காட்டினாள். நம் பக்கத்துக் கடலுக்கு எப்போதாவதுதான் வருமாம்.

போன வருஷம் கர்நாடகக் கடற்கரை ஊர் ஒன்றில் விடியற்காலையில் முட்டையை இறக்கிவிட்டு, திரும்பும் லோடுக்காகக் காத்திருந்தோம். நானும், என்னோடு மாறி மாறி ஓட்டும் சிநேகிதனும். ஓர்காக் கூட்டம் வந்திருப்பதாக மீன்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"போட்டோ வேண்டாங்கப்பா, அது நெட்டுலயே கெடக்குது. நீங்க கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். சரி சாமி என்றேன்.

அன்று காலையிலேயே பயணிகள் படகில் ஏறினோம். டால்பின்கள் கூடவே ஓடிவந்தன. ஒரு கடலாமை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மூழ்கியது. கழுகு ஒன்று மீனைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போனது. வெயில் ஏறியும் ஓர்காவைக் காணோம். ராத்திரி முழுக்க ஓட்டியவன் நான். கண் சொருகியது.

லாரியில் எங்களுக்கு ஒரு பழக்கம். ஒருவன் படுத்தால், மற்றவன் அவனுக்கும் சேர்த்து விழித்திருப்பான். மலைப்பாதையில்கூட அவனை நம்பிக் குறட்டை விட்டிருக்கிறேன். அதே நினைப்பில், வந்தால் எழுப்பு என்று சொல்லிப் பலகையில் சாய்ந்தேன். "நிம்மதியாத் தூங்கு மாப்ள" என்றான்.

விழித்தபோது படகு கரையில் நின்றது. எல்லாரும் சிரித்த முகமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர்காக்கள் படகை ஒட்டியே வந்து போயினவாம். சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்று படகுக்காரர் எல்லாரையும் வாய்மூடச் சொன்னாராம். அதனால்தான் எனக்கு விழிப்புத் தட்டவில்லை.

சிநேகிதனிடம் ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன்.

"அது மேல வாரதே ஒரு மூச்சு நேரம் மாப்ள. உன்னய எழுப்பீட்டிருந்தா நானும் பாத்திருக்க மாட்டேன். வீடியோ இருக்குது. நீயே எடுத்ததுன்னு புள்ளகிட்டச் சொல்லிக்க" என்றான்.

திரும்பும் வழியில் அவன் ஓட்டினான். என்னைப் படுக்கச் சொன்னான்.

"தூக்கம் வருலீங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் 'ங்க' போட்டது அன்றுதான். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

வீட்டில் மகளிடம் உள்ளதைச் சொன்னேன். பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன் என்று.

"மாமா கூட இருந்தாங்களேப்பா" என்றாள்.

முதலாளியிடம் கேட்டு வேறு வண்டிக்கு மாறினேன். இப்போது கூட வருபவர் நிதானமாகத்தான் ஓட்டுகிறார். ஆனாலும் அவர் ஓட்டும்போது நான் படுப்பதில்லை.